உருவும் உயிரும்

இளமையில் ஒருவன் விரும்பிக் கண்ட கதை அவன் உள்ளத்திலிருந்து எளிதில் அழிவதில்லை. ஆண்டுகள் பல கடந்த பின்னும், அக்கதையின் பெயரைக் கேட்டவுடன் அவன் முகம் மலர்கிறது. அதே கதையை வேறொருவர் வேறொரு முறையில் மீண்டும் படைக்கின்றார் என்னும் செய்தி வரும்போதோ, மகிழ்ச்சியும் அச்சமும் அவன் நெஞ்சில் ஒருங்கே எழுகின்றன. நெடுநாள் பிரிந்திருந்த நண்பனைக் காணச் செல்பவன் நிலையை ஒத்தது அது. நண்பன் முன்போலவே இருத்தல் வேண்டும் என்று அன்பு விரும்புகிறது. அவ்வாறு இருத்தல் இயலாது என்று அறிவு கூறுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று நடுநிலையோடு தீர்ப்புக் கூறுவது அரிய செயல். ஆயினும் அது பயின்று கொள்ளத் தக்க செயலே ஆகும்.

ஓவியங்களை வரிசையாக வரைந்து, அவற்றை விரைந்து ஓடச் செய்து, உயிருள்ளவை போல இயங்கக் காட்டும் கலையில் ஜப்பானியர் பெரும்புகழ் பெற்றவர். அவர்தம் படங்களை உலகம் இன்று ‘அனிமே’ என்று அழைக்கிறது. 1963ஆம் ஆண்டில் ஒசாமு தெசுக்கா என்னும் ஓவியர், இயந்திரச் சிறுவன் ஒருவனின் கதையைத் தொலைக்காட்சித் தொடராகத் தந்தார். அதன்பின் அக்கலை அந்நாட்டில் வேரூன்றித் தழைத்தது. புகழ்பெற்ற தொடர்கள் சிலவற்றை நடிகரைக் கொண்டு மீண்டும் திரைப்படமாக எடுக்கும் வழக்கமும் பின்னர் உண்டாயிற்று. கோடுகளாகவும் வண்ணங்களாகவும் இருந்த மாந்தர், அப்படங்களில் குருதியும் தசையும் உடையவராய்க் காட்சி தருகின்றனர்.

அவ்வாறு மீண்டும் எடுக்கப்பட்ட படைப்புகளுள் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’ என்பது ஆராய்ந்து பார்க்கத் தக்கது. யோஷினோபு நிஷிசாக்கி என்னும் தயாரிப்பாளரும் லெய்ஜி மத்சுமோத்தோ என்னும் ஓவியரும் முன்னின்று உருவாக்கிய அத்தொடர், 1974ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. கதை நிகழும் காலம் 2199ஆம் ஆண்டு. காமிலாஸ் என்னும் தொலைக் கோளினர் பூமியின்மீது குண்டுகளைப் பொழிகின்றனர். அவற்றின் கதிரியக்க நஞ்சால் கடல்கள் வற்றுகின்றன, காடுகள் கருகுகின்றன, எஞ்சிய மக்கள் நிலத்தின் அடியில் நகரங்களை அமைத்துக்கொண்டு ஒடுங்கி வாழ்கின்றனர். நஞ்சோ நிலத்தினுள்ளும் சிறிது சிறிதாக இறங்குகிறது. மனித இனம் முற்றும் அழிவதற்கு ஓராண்டே எஞ்சியிருக்கிறது. அந்நிலையில், 1,48,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இஸ்கந்தார் என்னும் கோளின் அரசி செய்தி ஒன்று விடுக்கின்றாள். நஞ்சை நீக்கும் கருவி தன்னிடம் உள்ளது என்றும், வந்து பெற்றுக்கொள்க என்றும் அவள் கூறுகின்றாள். அக்கருவியைப் பெற்று ஓராண்டிற்குள் மீள்வதற்காக ஒரு கப்பல் புறப்படுகிறது. மனித இனத்திற்கு இன்னும் எத்தனை நாட்கள் உள்ளன என்னும் கணக்கு ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அறிவிக்கப்படும். கதை முழுவதையும் இழுத்துச் செல்லும் கயிறு அந்தக் கணக்கே.

புறப்படும் கப்பலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வற்றிப்போன கடலின் தரையில் துருவேறிக் கிடந்த பழைய போர்க்கப்பல் ஒன்றன் கூட்டினுள்ளே அது மறைவாகக் கட்டப்படுகிறது. யமாத்தோ என்னும் பெயருடைய அப்பழைய கப்பல் கற்பனையில் தோன்றியதன்று. 1941ஆம் ஆண்டில் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல், உலகம் கண்ட போர்க்கப்பல்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. போரில் ஜப்பானின் தோல்வி உறுதியாகிவிட்ட காலத்தில், மீண்டு வரும் நம்பிக்கை இன்றி அது ஓகினாவாத் தீவை நோக்கி அனுப்பப்பட்டது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அமெரிக்க விமானங்களின் தாக்குதலுக்கு இலக்காகி, 3,000 பேர் அளவிலான வீரரோடு அது கடலில் மூழ்கிற்று. சாவதற்கென்று அனுப்பப்பட்ட கப்பலை, வாழ்வைக் கொண்டு வருவதற்கென்று மீண்டும் எழுப்பியது அத்தொடர். அதன் பெருமை அனைத்தும் இவ்வொரு கருத்தில் அடங்கியுள்ளது. அன்று அக்கப்பல் மீளவில்லை; இன்று அது மீண்டே தீர வேண்டும். மீளாவிடில் உலகில் ஒருவரும் எஞ்சார்.

இத்துணைச் சிறப்புடைய தொடர் முதலில் போதிய வரவேற்பைப் பெறவில்லை. அதே நேரத்தில் மற்றோர் அலைவரிசையில், ஆல்ப்ஸ் மலையில் வாழும் ஹைடி என்னும் சிறுமியின் கதை காட்டப்பட்டு வந்தது. இல்லங்கள் பலவும் அதனையே விரும்பின. ஆகவே யமாத்தோத் தொடர், முன்னர் எண்ணியிருந்த நீளத்தை எட்டாமல் 26 பகுதிகளோடு முடிக்கப்பட்டது. ஆயினும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டபோது இளைஞர் பலர் அதன்பால் ஈர்க்கப்பட்டனர். 1977ஆம் ஆண்டில் அப்பகுதிகளைச் சுருக்கித் தொகுத்துத் திரைப்படமாக வெளியிட்டபோது, விடியுமுன்னரே அரங்குகளின் முன் இளைஞர் வரிசையில் நின்றனர். விளம்பரத்தால் எழுந்த புகழன்று அது. கண்டவர் ஒருவர் மற்றொருவரிடம் கூறக் கூற வளர்ந்த புகழ்.

இத்தொடரை நடிகரைக் கொண்டு எடுத்த திரைப்படம் 2010ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வெளிவந்தது. தக்காஷி யமசாக்கி அதனை இயக்கினார். வீரன் கொதாயாகத் தக்குயா கிமுராவும், யூக்கி என்னும் மங்கையாக மெய்சா குரோக்கியும், தலைவர் ஒக்கிதாவாக முதுபெரும் நடிகர் சுத்தோமு யமசாக்கியும் நடித்தனர். தொடரின் தயாரிப்பாளராகிய நிஷிசாக்கி, படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் இறந்துவிட்டார். முதல் தொடரைச் சிறுவராய் இருந்தபோது கண்டவர், தலை நரைக்கத் தொடங்கிய பருவத்தில் திரையரங்கிற்குச் சென்றனர். அவர்தம் கையில் நுழைவுச் சீட்டும், உள்ளத்தில் முப்பத்தாறு ஆண்டு நினைவும் இருந்தன.

இத்தகையோர் முதலில் எடுப்பது உருவம் என்னும் அளவுகோலாகும். நடிகரின் முகம் ஓவியத்தின் முகத்தை ஒத்திருக்கின்றதா, தலைமயிர் அவ்வாறே வளைந்திருக்கின்றதா, உடையில் அம்புக்குறி அதே இடத்தில் உள்ளதா என்று அவர் தேடுகின்றனர். இத்தேடல் அன்பினின்று எழுவதே. எனினும் இது குறையுடைய அளவுகோல். ஓவியன் ஒரே கோட்டால் சினத்தைக் காட்டுகின்றான். கண்ணைப் பெரிதாக வரைந்து வியப்பைக் காட்டுகின்றான். நடிகனுக்கு அவ்வுரிமை இல்லை. இயற்கை அளித்த கண்ணைக் கொண்டே அவன் அனைத்தையும் காட்டல் வேண்டும். ஓவியத்தை அவன்மீது அப்படியே ஒட்டினால், முகம் மறைந்து முகமூடியே எஞ்சும். ஆகவே உருவ வேறுபாட்டைக் குற்றம் என்று கொள்வது முறையாகாது.

அடுத்து எடுக்கப்படுவது நிகழ்ச்சிக் கணக்கு. இன்ன போர் எங்கே, இன்ன கோள் எங்கே என்று வினவுவோர் பலர். 26 பகுதிகள் என்பன ஏறத்தாழப் பத்து மணி நேரக் கதை. திரைப்படமோ 138 நிமிடங்களுக்கு உரியது. குடத்து நீர் முழுவதையும் செம்பில் ஊற்ற முயல்பவன் தரையை நனைப்பான். நெடுங்கதையைச் சுருக்குவோன் சிலவற்றை விடுத்தே ஆக வேண்டும். விடுத்தமை குற்றமன்று, எதை விடுத்தான் என்பதே ஆராயத் தக்கது.

மாற்றம் என்றாலே குறை என்று கருதுவதும் பொருந்தாது. தமிழ் பயின்றோர் இதனை நன்கு அறிவர். வால்மீகியின் காவியத்தில் இராவணன் சீதையைத் தன் கையால் பற்றி எடுத்துச் செல்கின்றான். கம்பரின் காவியத்திலோ அவள் இருந்த நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கின்றான். கதை சிறிது மாறியது. சீதையின் பெருமை குன்றவில்லை. தாம் கூற விரும்பிய அறத்திற்கு ஏற்பக் கம்பர் மாற்றினார். அத்தகைய மாற்றம் மூலத்திற்குச் செய்யும் சிறப்பே ஆகும்.

இந்நெறியில் நோக்கினால், 2010ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பாராட்டத் தக்கன சில உள்ளன. பழைய தொடரில், கப்பலில் பெயர் சொல்லும்படி இடம் பெற்ற பெண் யூக்கி ஒருத்தியே. மனித இனம் முழுவதையும் காக்கச் செல்லும் கப்பலில் அவ்வினத்தின் ஒரு பாதிக்கு ஒரே இருக்கை அளிக்கப்பட்டிருந்தது. புதிய படம் அதனைத் திருத்திற்று. யூக்கி அங்கே போர் விமானம் செலுத்தும் திறனுடைய வீராங்கனை. பழைய தொடரில் ஆண்களாக இருந்த மருத்துவர் சாதோவும், செய்தித் தொடர்பாளர் ஐஹாராவும் புதிய படத்தில் பெண்கள். இம்மாற்றத்தால் கதையின் கருத்து சிதையவில்லை; கப்பலில் செல்வது மனித இனமே என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

பழமையைப் போற்றிய இடங்களும் உள. பகைவர் தலைவன் தெஸ்லருக்குத் தொடரில் குரல் கொடுத்த மசாத்தோ இபுவே படத்திலும் குரல் கொடுத்தார். தொடரின் தொடக்கப் பாடலைப் பாடிய இசாவோ சசாக்கி, படத்தில் கதையை எடுத்துரைக்கும் குரலாக வந்தார். ஹிரோஷி மியகாவா அமைத்த பழைய இசை, கப்பல் நிலத்தைப் பிளந்து எழும் வேளையில் மீண்டும் ஒலித்தது. அவ்விசையைக் கேட்டு அரங்கில் கண் கலங்கியோர் இருந்திருப்பின் அதில் வியப்பில்லை. இவற்றால் படத்தை எடுத்தவர் மூலத்தின்மீது அன்பு கொண்டவர் என்பது தெளிவாகும்.

ஆயினும் அன்பு ஒன்றே போதுமா? இரண்டு மாற்றங்கள் இவ்வினாவை எழுப்புகின்றன.

முதலாவது, பகைவரைப் பற்றியது. பழைய தொடரில் காமிலாஸ் மக்கள் நீல நிறத்தவரேனும் மனிதரைப் போன்றவரே. அவர்களுக்கும் நகரம் உண்டு, தலைவன் உண்டு, அழிந்து வரும் தாயகம் உண்டு. தம் கோள் அழிவதால்தான் அவர்கள் பூமியை நாடினர். போரின் முடிவில் யமாத்தோ வெல்கிறது; காமிலாஸ் நகரம் இடிந்து புகைந்து கிடக்கிறது. வெற்றி பெற்ற கொதாய் அவ்விடிபாடுகளை நோக்குகின்றான். அவனுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. போட்டியிடவும் வெல்லவுமே இளமை முதல் தான் கற்பிக்கப்பட்டதை அவன் எண்ணுகின்றான். போரிட்டிருத்தல் தகாது, ஒருவரை ஒருவர் நேசித்திருத்தல் வேண்டும் என்று கதறுகின்றான். கையில் இருந்த துப்பாக்கியை வீசி எறிகின்றான். சிறுவர்க்கென்று எடுக்கப்பட்ட தொடரில், வென்றவன் தோற்றவனுக்காக அழுதான். அத்தொடரைக் கண்ட சிறுவர் பெற்ற பாடங்களுள் இதனினும் பெரிது வேறில்லை.

புதிய படத்தில் அக்காட்சி இல்லை. இருப்பதற்கு இடமும் இல்லை. ஏனெனில் அங்கே காமிலாஸ் என்பது மக்கள் கூட்டமன்று; ஒரே உணர்வால் இயங்கும், படிகம் போன்ற ஓர் உயிர். அதற்கு முகம் இல்லை, வீடு இல்லை, குழந்தை இல்லை. முகம் இல்லாதவற்றின் அழிவுக்கு அழுவோர் யார்? இம்மாற்றத்தால் சண்டைக் காட்சிகள் எளிதாயின; கொதாயின் நெஞ்சமும் எளிதாயிற்று. நேரச் சுருக்கத்தால் விளைந்த இழப்பு என்று இதனைக் கூற இயலாது. ஒரு முகத்தையும் ஓர் அழுகையையும் காட்ட ஐந்து நிமிடங்கள் போதும். நெடும்போர்களைக் காட்ட நேரம் இருந்த படத்தில், போரின் விலையைக் காட்ட நேரம் இல்லாமற்போயிற்று.

இரண்டாவது, முடிவைப் பற்றியது. பழைய தொடரில் யமாத்தோ மீள்கிறது. தலைவர் ஒக்கிதா பூமியைக் கண்ணாரக் கண்டு உயிர் துறக்கின்றார். கப்பலோ கருவியைச் சுமந்து தாயகம் சேர்கிறது. இம்முடிவுக்கு வித்து முதற் பகுதியிலேயே ஊன்றப்பட்டுள்ளது. தோல்வி உறுதியான போரினின்று ஒக்கிதா பின்வாங்குகின்றார். கொதாயின் தமையனோ பின்வாங்க மறுத்துப் போரிட்டு மறைகின்றான். அதற்காகக் கொதாய் தலைவரை வெறுக்கின்றான். நாளைய கடமைக்காக இன்றைய இழிவைப் பொறுத்து உயிர் வாழ்வதும் வீரமே என்பதை அவன் கற்றுக்கொள்ளும் கதையே யமாத்தோவின் கதை.

புதிய படத்திலோ கொதாய் கப்பலில் தனித்து நின்று, பகைவரின் இறுதித் தாக்குதலைத் தடுத்துக் கப்பலோடு அழிகின்றான். பூமி பிழைக்கிறது, யமாத்தோ மீளவில்லை. காட்சி உருக்கமானதே; கண்ணீரும் வரவே செய்யும். ஆனால் 1945ஆம் ஆண்டில் நிகழ்ந்ததும் அதுவே அன்றோ? மீளாமற் சென்ற கப்பலை மீளச் செய்வதற்காக எழுந்த கதை, மீண்டும் மீளாமையிற் சென்று முடிந்தது.

இதற்கு மறுமொழி கூறுவோரும் உளர். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த யமாத்தோ ஓவியப் படத்திலேயே கொதாய் கப்பலோடு பகைவரை நோக்கிச் சென்று மறைகின்றானே, புதிய படம் அதனையன்றோ தழுவிற்று என்று அவர் வினவுவர். இவ்வினா நேரியது. அப்படத்தை மக்கள் பெருந்திரளாகக் கண்டனர் என்பதும் உண்மை. ஆனால் அதே கதை அவ்வாண்டே தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கியபோது, அதன் முடிவு மாற்றப்பட்டது. கொதாயும் யூக்கியும் உயிரோடு மீண்டனர். இரண்டு முடிவுகளும் முன்னரே இருந்தன; புதிய படம் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தது. தேர்ந்தமையால், தேர்வுக்குப் பொறுப்பும் அதனுடையதே.

புதிய படைப்பு ஒரு தனிப்படைப்பு. அதனைப் பழையதோடு ஒப்பிடுவதே தவறு என்பது மற்றொரு கூற்று. இதுவும் முழுதும் பொருந்தாது. பழைய பெயரைச் சூட்டி, பழைய இசையை ஒலித்து, பழைய அன்பர்களை அரங்கிற்கு அழைத்த பின், பழையதை மறந்து பாருங்கள் என்று கூறுதல் இயலுமா? தந்தையின் பெயரால் மதிப்பைப் பெறுபவன், தந்தையின் கடனையும் ஏற்றல் வேண்டும். எனினும், பழைய தொடரைக் காணாத இளைஞன் ஒருவன் புதிய படத்தைக் கண்டு மகிழ்ந்தால் அவனை இகழ்தல் தகாது. அவன் மகிழ்ச்சி பொய்யன்று. அவனுக்குப் பழையதைக் காட்டுவதே அன்புடையோர் செய்யத் தக்கது.

அப்படத்தை இயக்கிய யமசாக்கியே பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வேறொரு படத்தை எடுத்தார். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ என்பது அதன் பெயர். 2024ஆம் ஆண்டில் காட்சி நுட்பத்திற்காக ஆஸ்கார் பரிசு பெற்ற படம் அது. அதில், போரில் சாவதற்கென்று அனுப்பப்பட்டும் சாகாமல் மீண்ட விமானி ஒருவன் வருகின்றான். உயிர் பிழைத்ததை எண்ணி நாணியே அவன் வாழ்கின்றான். இறுதியில் பெரிய விலங்கின் வாய்க்குள் விமானத்தைச் செலுத்துகின்றான். ஆனால் விமானம் மோதுமுன் குடை விரித்து வெளியேறி உயிர் தப்புகின்றான். காண்பவர் நெஞ்சு அவன் பிழைத்தமைக்காகவே நிறைகிறது. யமாத்தோவின் முதல் தொடர் சொன்ன சொல்லும் இதுவே. அச்சொல் ஒரு படத்தில் இழக்கப்பட்டு, அதே கையால் மற்றொரு படத்தில் வந்து சேர்ந்தது.

ஆகவே, பழைய கதையைப் புதிய உருவில் காண்போர் வினவ வேண்டியவை சிலவே. இக்கதை எதற்காக முதலில் கூறப்பட்டது? செய்யப்பட்ட மாற்றங்கள் அந்நோக்கத்தை வளர்த்தனவா, தேய்த்தனவா? விட்டவற்றை விட்டது இன்றியமையாமையாலா, எளிமையை விரும்பியா? இவ்வினாக்களை எழுப்புவோர், முகம் மாறியதற்காகச் சினம் கொள்ளார். இசை ஒலித்தமைக்காக மயங்கவும் மாட்டார். யமாத்தோத் திரைப்படத்தை இவ்வினாக்களால் அளந்தால், உருவத்தைப் பெரும்பாலும் காத்து, சில இடங்களில் திருத்தியும் சிறந்து, உயிரான இரண்டு இடங்களில் தவறிய படம் என்னும் தீர்ப்பே கிடைக்கும்.

தவறிய படம் பழைய தொடரை அழித்துவிடுவதில்லை. அது இன்றும் இருக்கிறது. காண்போர் கண்ணெதிரே கொதாய் இன்றும் துப்பாக்கியை வீசி எறிகின்றான். எஞ்சிய நாட்களின் கணக்கு ஒவ்வொன்றாகக் குறைகிறது. கணக்கு முடியுமுன், மீளாது என்று எண்ணப்பட்ட கப்பல் மீண்டு வருகிறது.